பார்படோஸ் பயணம்: கடைசி இரண்டு நாளைக் கோட்டை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பார்படோஸ் பயணக் கட்டுரையில் கடற்கரைகளையும் சாப்பாட்டையும் பற்றி எழுதியிருந்தது அருமை. ஆனால் கடைசி நாளுக்கென்று கொடுத்திருந்த யோசனைகளில் இரண்டு விபரீதமானவை. காலையில் ஸ்கூபா டைவிங் முடித்து மாலையில் விமானம் ஏறலாம் என்பது ஒன்று. கரையில் கிடக்கும் சங்கையும் பவளத்தையும் நினைவாக எடுத்து வரலாம் என்பது இன்னொன்று. கரீபியன் பயணங்களை ஏற்பாடு செய்யும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது.

முதலில் டைவிங். தண்ணீருக்கடியில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது வெளியேறப் பல மணி நேரம் ஆகும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஏறக்குறைய ஊட்டி உயரம். கடல்மட்டத்திலிருந்து திடீரென்று அந்த அழுத்தத்துக்குப் போனால், மிச்சமிருக்கும் நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டு வலி, கைகால் மதமதப்பு, தலைசுற்றல் என்று தொடங்கும். அதை வலி மாத்திரை போட்டுச் சமாளிக்க முடியாது. ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும்தான் வழி. ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவிங் மருத்துவர்கள் வகுத்த கணக்கு. மேலே வரும் வழியில் நின்று நின்று ஏறவேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிடவும் அதிகம். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் எதையும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அதற்காகக் கடைசி நாளில் கடலில் இறங்கவே கூடாது என்பதில்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதக்கும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களில் சில ஆழம் குறைவான இடத்திலேயே இருக்கின்றன. 1919இல் மூழ்கிய பெர்வின் அவற்றில் ஒன்று. மேலே மிதந்தபடியே பார்த்துவிடலாம். வெயிலில்தான் ஏமாந்துவிடக் கூடாது. பார்படோஸும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. நம்மூர் உச்சிவெயில்தான் அங்கேயும். ஓயாமல் வீசும் கீழ்க்காற்றில் சூடு தெரியாது, அவ்வளவே. குப்புற மிதப்பவருக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும்தான் வெந்துபோகும். அந்த முதுகோடு எட்டு மணி நேரம் விமான இருக்கையில் சாய்ந்து வருவது தண்டனை. முழுக்கைச் சட்டை போட்டே இறங்குங்கள்.

கிழக்குக் கரை பாத்ஷீபாவில் பாறைகளைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அங்கே அலையும் நீரோட்டமும் நீந்த விடாது. 2011இலிருந்து சர்காசம் என்ற பழுப்புப் பாசி அடர்ந்து ஒதுங்குவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். குவிந்து அழுகும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். குளிக்க மேற்குக் கரை போதும்.

அடுத்து சங்கு. இளஞ்சிவப்பு உதடு கொண்ட பெரிய ராணிச் சங்கு 1992 முதல் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. ஆளுக்கு 3 வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற சலுகை அந்த ஒப்பந்தத்தில் உண்டு. ஆனால் எல்லா நாடும் அதை ஒரே மாதிரி நடத்துவதில்லை. பவளம் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஆமை ஓட்டில் செய்த வளையல், சீப்பு எதையும் தொடவே வேண்டாம். கடல் ஆமைகள் அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கின்றன. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது. கடையில் ரசீது கொடுத்தார்கள் என்பது அனுமதி ஆகாது. நினைவுப் பொருள்தான் வேண்டுமென்றால் பிரிட்ஜ்டவுன் பெலிகன் கைவினைக் கிராமத்தில் மண்பாண்டமும் மரச்சாமானும் வாங்கலாம். கரையில் எதையாவது பொறுக்கும் குழந்தைகளிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். சிறு பச்சை ஆப்பிள் போலக் காய் விழுந்து கிடக்கும் மான்சினீல் மரத்தடிக்குப் போகக் கூடாது. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் அப்படித்தான். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி வைத்திருப்பார்கள்.

கட்டுரை தொடாத விஷயம் புயல். 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு அங்கேயே மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். தனி விமானத்தில் டெல்லி வந்து சேர்ந்தது ஜூலை 4 காலையில். அவர்களுக்குத் தனி விமானம் வந்தது, நமக்கு வராது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அந்த மாதங்களில் போகிறவர்கள், திரும்புவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே அமெரிக்கத் தேசியப் புயல் மையத்தின் அறிவிப்பைப் பார்த்துவர வேண்டும். தீவு நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்குப் புதிய அறிவிப்பு வரும். வரைபடத்தில் காட்டும் கூம்பு, புயலின் அகலம் அல்ல. புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதற்கான வரம்பு. மூன்றில் ஒரு பங்கு நேரம் மையம் அந்தக் கூம்புக்கு வெளியேயும் போகும். பெரில் பார்படோஸுக்குத் தெற்கே விலகித்தான் போனது. அப்படியும் விமான நிலையம் மூடப்பட்டது.

அறிவிப்பில் இரண்டு படிகள் உண்டு. புயல்காற்று எட்டுவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பு 'வாட்ச்', 36 மணி நேரம் முன்பு 'வார்னிங்'. டிக்கெட்டை மாற்ற வேண்டிய நேரம் 'வாட்ச்' வந்தவுடன். 'வார்னிங்' வந்த பிறகு தீவில் இருக்கும் எல்லோரும் அதே சில இருக்கைகளுக்குத்தான் முட்டி மோதுவார்கள். பயணக் காப்பீடும் புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பெயர் வந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் பல தீவுகளைச் சேர்த்துப் போடுவது வழக்கம். எந்த ஊருக்கு முதலில், எதற்குக் கடைசியில் என்ற வரிசையில் அவர்கள் கவனம் வைக்க வேண்டும். ட்ரினிடாடும் கயானாவும் மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள பகுதிகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் இருக்கின்றன; பார்படோஸ் இல்லை. ட்ரினிடாடிலிருந்தோ கயானாவிலிருந்தோ கிளம்பி 6 நாட்களுக்குள் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்தலாம். ஆகவே ட்ரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினைப் பயணத்தின் முன்பகுதியில் வைத்து பார்படோஸில் முடிப்பது புத்திசாலித்தனம். அதைவிட நல்லது, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கிளம்புமுன்பே ஊசி போட்டுக்கொள்வது. போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் செல்லும். தீவுக்குத் தீவு பறக்கும் சிறு விமானங்கள் தாமதமாவது சகஜம். தாயகம் திரும்பும் விமானம் எந்தத் தீவிலிருந்தோ, அந்தத் தீவுக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும். பார்படோஸிலிருந்து அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கு வழக்கமான பயணிகள் படகு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது.

விசா விஷயத்தில் பலர் இடறுவது போகும்போது அல்ல, திரும்பும்போது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பார்படோஸில் விசா தேவையில்லை; வழியில் உள்ள நாடுகளில் தேவை. அமெரிக்கா வழி என்றால் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும். லண்டன் வழி என்றால், கேட்விக் விமான நிலையத்தில் இறங்கி ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறும்படி டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கான விசா உதவாது.

பணம். 2 பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலர். இந்த விகிதம் 1975 முதல் மாறவில்லை. தீவுக்கு வெளியே அந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். கடைசி இரண்டு நாள் ஏடிஎம் பக்கமே போகாமல் கையில் உள்ளதைச் செலவழியுங்கள். சில்லறைக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. கட்டணம் 3.50 பார்படோஸ் டாலர், மீதி தர மாட்டார்கள். ஹோட்டல் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் கொடுங்கள்.

ரம் வாங்குகிறவர்களுக்கு: 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பாட்டிலை எந்தப் பெட்டியிலும் ஏற்ற விட மாட்டார்கள், இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் 2 லிட்டர் வரைதான். டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால் முத்திரையிட்ட பையை வீடு சேரும்வரை பிரிக்கக் கூடாது. அமெரிக்கா வழி என்றால் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அப்போது பாட்டிலை அதற்குள் வைத்துவிடுவது மேல். கடுகு போட்ட மஞ்சள் மிளகாய் சாஸும் திரவம்தான். 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் வராது.

லண்டன் விமானங்கள் பெரும்பாலும் மாலையில். அறையைக் காலி செய்ய வேண்டியதோ முற்பகலில். இடையில் வரும் ஐந்தாறு மணி நேரத்துக்குக் குளிக்கவும் உடை மாற்றவும் இடம் உண்டா என்று முந்தின நாளே வரவேற்பறையில் கேட்டுவையுங்கள். ஈரத் துணியைக் குளியலறையில் போட்டால் காயாது. வராந்தாக் காற்றில் இரண்டே மணி நேரம் போதும். இந்த இடைவெளியைக் கடையில் கழிக்காமல் பிரிட்ஜ்டவுனில் நடந்து பார்ப்பதே எங்கள் சிபாரிசு. நகரமும் அதன் பழைய ராணுவக் குடியிருப்பும் 2011 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலையை 2020 நவம்பரில் அகற்றினார்கள்; மறு ஆண்டு நவம்பர் 30இல் நாடு குடியரசானது. ஒரு வாரம் மணலில் படுத்திருந்தவருக்கு எந்த ஊரில் இருந்தோம் என்பது இங்கே நடந்தால்தான் பிடிபடும். மேற்குக் கரை ஹோட்டல்களிலிருந்து விமான நிலையம் எதிர்மூலையில். மாலை நெடுஞ்சாலை நெரிசலுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஊருக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கரீபியன் போய் வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். டெங்கு, கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அது இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். விடுப்புக் கணக்கிலும் தவறு நேர்கிறது. நம் கடிகாரம் பார்படோஸைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஞாயிறு மாலை அங்கே கிளம்பினால் லண்டன் வழியாகச் சென்னையில் இறங்குவது பெரும்பாலும் செவ்வாய் விடியற்காலை.

மற்றதற்கு இடமில்லாவிட்டாலும், டைவிங் பற்றிய வரிக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு டிக்கெட் போடும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டாளர்கள் சிலர்,
சென்னை.