வெங்காய வேரும் உன் ரெக்கார்டு நோட்டும்

பாப்பா,

நல்லா இருக்கியாம்மா. இங்க அம்மா நல்லா இருக்கா, எனக்கும் முழங்கால் வலி பரவால்ல. போன்ல பேசினா நீ "சரிப்பா, க்ளாஸ் இருக்குப்பா"ன்னு வெச்சிடற, அதனாலதான் உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ராத்திரி மெஸ்ல சாப்ட்டு வந்து நிதானமா படி.

போன வாரம் பெரியப்பா வீட்டு வளைகாப்புல அத்தை உன்கிட்ட என்னம்மா படிக்கறன்னு கேட்டாங்க, நீ தலைய குனிஞ்சுகிட்டு "நீட் கிடைக்கல அத்தை, சும்மா பிஎஸ்சி சுவாலஜி"ன்னு சொன்ன. நான் பக்கத்துல பந்திக்கு எல போட்டுட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு. அந்த "சும்மா" என்னை ரெண்டு நாளா தூங்க விடல. திட்டறதுக்கு எழுதல பாப்பா, பயப்படாத. ஆனா 32 வருஷம் ஒரு காலேஜ் சுவாலஜி லேப்ல அட்டெண்டரா இருந்தவன் நான், அந்தப் படிப்ப என் பொண்ணே சும்மான்னு சொன்னா எனக்கு சொல்ல வேண்டியது நெறைய இருக்கு.

அப்புறம் அன்னைக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல உன் ரெக்கார்டு நோட்ட வாங்கிப் பாத்தேன்ல. வெங்காய வேர் நுனி, மைட்டாசிஸ், அதான் ஒரு செல் ரெண்டா பிரியறது, அந்தப் பக்கம். மெட்டாபேஸ், குரோமோசோமெல்லாம் நடுவுல வரிசையா நிக்கற கட்டம், அந்தப் படத்துல குரோமோசோம் 6 வரைஞ்சிருக்க. எனக்கு அந்தப் படம் நல்லாத் தெரியும், நான் வேலைக்கு சேர்ந்த வருஷத்துல இருந்து எல்லா பேட்ச் ரெக்கார்டுலயும் அதே படம்தான், அதே கட்டம், அதே 6. வெங்காயத்துக்கு 16 இருக்கும்மா. பெரிய வெங்காயமா இருந்தாலும் சாம்பாருக்குப் போடற சின்ன வெங்காயமா இருந்தாலும் 16தான். நீயே பாத்தியான்னு கேட்டேன், "ஆறு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப்புப்பா, என் டர்ன் வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு, சீனியர் அக்கா ரெக்கார்டப் பாத்து வரைஞ்சேன், எல்லாரும் அப்படித்தான்"ன்ன. எல்லாரும் அப்படித்தான்னு எனக்கும் தெரியும். ஆனா நீ அப்படி இருக்க வேணாம்னுதான் கேக்கறேன்.

நான் 1991ல வேலைக்கு சேர்ந்தப்ப பத்தாவது பாஸ். என்னோட வேலை ஸ்லைடு கழுவறது, ஃபார்மலின் மாத்தறது, ப்ராக்டிகலுக்கு முந்தின நாளே எல்லாம் ரெடி பண்ணி வெக்கறது. ஒரு பெரிய ஜாடில வைக்கோலக் கொதிக்க வெச்ச தண்ணிய ஆற விட்டு அதுல கொஞ்சம் குளத்துத் தண்ணி ஊத்தி மூலைல வெக்கச் சொல்வாங்க, ஒரு வாரத்துல மேல ஆடை கட்டும், நாத்தம் அடிக்கும், நானும் மூக்கப் பொத்திகிட்டு கொண்டு போய் மேசைல வெச்சிட்டு வந்துடுவேன். ஒரு வருஷம் இப்படியே செஞ்சேன், அதுல என்ன இருக்குன்னு தெரியாது. ஒரு நாள் எல்லாரும் போனப்புறம் டேபிளத் துடைச்சிட்டு இருக்கேன், ஒரு மேடம் "தம்பி, இங்க வா, வந்து பாரு"ன்னு கூப்ட்டாங்க. கண்ண வெச்சேன். செருப்பு மாதிரி ஒண்ணு, கண்ணாடில செஞ்ச மாதிரி, உருண்டு உருண்டு நீந்துது, அவங்க போட்டிருந்த பஞ்சு நூல்ல முட்டுது, பின்னாடி வாங்கி திசைய மாத்திகிட்டு மறுபடி போகுது. பாரமீசியம், ஒரே செல்லுல ஆன உயிர். நான் தினமும் தூக்கிட்டுப் போன ஜாடிக்குள்ள இதுங்க ஆயிரக்கணக்குல இருந்திருக்கு, எனக்குத் தெரியல. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து உங்க பாட்டிகிட்ட விடிய விடிய சொல்லிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் நான் ஒரு பாட்டிலையும் வெறும் பாட்டில்னு தூக்கினதில்ல.

அதனால உனக்கு வெங்காய வேர் நானே சொல்லித் தர்றேன், நான் ரெடி பண்ணாத பேட்ச் இல்ல. வெங்காயத்தோட அடில காஞ்ச பழைய வேர பிளேடால மெதுவா சீவி எடுத்துடு, ரொம்ப ஆழமா சீவினா புது வேர் வராது. வாய் சின்ன பாட்டில்ல தண்ணி ரொப்பி, அடிப்பக்கம் மட்டும் தண்ணில படற மாதிரி உக்கார வை, தண்ணிய தினமும் மாத்து. மூணு நாலு நாள்ல வெள்ளையா வேர் எறங்கும், ரெண்டு சென்டிமீட்டர் வந்தா போதும். காலைலயே வெட்டணும், அப்பதான் பிரியற செல் நெறைய கிடைக்கும், மத்தியானம் வெட்டிட்டு ஒண்ணுமே தெரியலன்னு உக்காந்தவங்கள நான் எவ்வளவோ பாத்திருக்கேன். வெட்டினதும் மூணு பங்கு ஆல்கஹால் ஒரு பங்கு அசிட்டிக் ஆசிட்ல போட்டு ஒரு நாள் விடு. அப்புறம் வாட்ச் கிளாஸ்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போட்டு ஸ்பிரிட் லேம்புல லேசா சூடு காட்டு, கொதிக்க விடாத, வேர் மெத்துன்னு ஆகணும் அவ்வளவுதான். பிறகு அசிட்டோகார்மைன் சாயத்துல போடு. கருஞ்சிவப்பா ஏறியிருக்கற நுனி மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் வெச்சுகிட்டு மீதிய தூக்கிப் போடு, மீதில ஒண்ணும் இல்ல. கவர் ஸ்லிப் மேல ப்ளாட்டிங் பேப்பர், அதுக்கு மேல கட்டை விரல், நேரா ஒரே அமுக்கு. விரல் ஒரு நூல் நகந்தாலும் செல்லெல்லாம் சுருண்டுக்கும், மறுபடி முதல்ல இருந்து.

முதல்ல 10எக்ஸ் லென்ஸ்ல தேடு, நேரா 45க்குப் போகாத. முக்கால்வாசி செல் சும்மா உருண்டையா நியூக்ளியஸோட தூங்கிகிட்டு இருக்கற மாதிரிதான் தெரியும், பொறுமையா நகத்து. திடீர்னு ஒரு செல்லுல நூல்நூலா, இன்னொண்ணுல நடுவுல வரிசையா, இன்னொண்ணுல ரெண்டு பக்கமும் யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி. உன் ரெக்கார்டு படம் மாதிரி அழகா இருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும், எண்ணவே கஷ்டம். அந்தக் கஷ்டத்தப் பட்டாதான் உனக்கு 16ன்னா என்னன்னு புரியும்.

அந்த சாயம் எங்க இருந்து வருதுன்னு தெரியுமா? நான் காய்ச்சறப்ப ஹெச்ஓடி சார் பக்கத்துல நின்னு சொன்னாரு. கார்மைன் ஒரு பூச்சில இருந்து எடுக்கறது, கொச்சினீல்னு, சப்பாத்திக்கள்ளில ஒட்டிகிட்டு வாழற பூச்சி. 1700கள் கடைசில ஆண்டர்சன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் அந்தப் பூச்சிய வளக்கறதுக்குன்னே நீ இருக்கற சென்னைல, சைதாப்பேட்டைல, கள்ளித் தோட்டம் போட்டாரு. பின்னாடி கள்ளி நம்ம தெக்குப் பக்கம் காடுமேடெல்லாம் பரவி விவசாயிங்கள வதைச்சுது, கடைசில 1920கள்ல அதே இனத்துல வேற ஒரு பூச்சிய விட்டுத்தான் அத அழிச்சாங்க. ஒரு சொட்டு சாயத்துக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு பாரு. குரோமோன்னா நிறம், சோமான்னா உடம்பு, இப்படி சாயம் ஏறுறதாலதான் குரோமோசோம்னே பேர் வந்துச்சு. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் மலை மாதிரி இருக்குன்னு சொன்னியே, இப்படி ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாரு, பாதி வார்த்தை தானா வழிவிடும்.

நீ தினமும் பஸ்ல பீச் ரோட்டுல போறப்ப ராணி மேரி காலேஜத் தாண்டிப் போறல்ல. தலச்சேரில 1897ல பொறந்த ஜானகி அம்மாள்ங்கற தாவர விஞ்ஞானி அங்கதான் படிச்சாங்க, அப்புறம் அதே ரோட்டுல இருக்கற பிரசிடென்சில 1921ல பாட்டனி ஹானர்ஸ் முடிச்சாங்க. பொண்ணுங்க படிக்கறதே அபூர்வமா இருந்த காலம். அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்து கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல உக்காந்து அவங்க செஞ்ச வேலை என்ன தெரியுமா, கரும்ப மக்காச்சோளத்தோடல்லாம் சேத்துப் பாத்து அதோட குரோமோசோம எண்ணினது. வெங்காயத்துல 16 எண்ணவே உனக்குக் கண் வலிக்கும்னா கரும்புல 80, கலப்புக் கரும்புல 100க்கு மேல. கடைசிக் காலத்துலயும் மதுரவாயல்ல வேலை செஞ்சுகிட்டே இருந்தாங்க, 1984ல இறந்தாங்க. நீ செய்யாம விட்ட அந்த ப்ராக்டிகல்தான் அவங்க வாழ்க்கை.

நீட் பத்தியும் பேசிடறேன். நீ ரெண்டு தடவ எழுதின, ரெண்டாவது வருஷம் உன் கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்ததப் பாத்து நானும் அம்மாவும் எவ்வளவு வேதனைப்பட்டோம்னு உனக்குத் தெரியாது. 180 கேள்வில 90 பயாலஜி, அதுல நீ நல்லாத்தான் பண்ணின, பிசிக்ஸ்தான் காலை வாரிடுச்சு. அந்த மார்க்க வெச்சு உனக்கு உயிரியல் வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. பசுமைப் புரட்சி விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர், அப்பா சர்ஜன், வீட்டுல ஆஸ்பத்திரியே இருந்துச்சு, பையனும் டாக்டராவான்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. அவர் திருவனந்தபுரத்துல படிச்சது உன்ன மாதிரி சுவாலஜி டிகிரி. 1943ல வங்காளப் பஞ்சத்துல ஜனங்க செத்து விழுந்தது அவர் மனச மாத்துச்சு, கோயம்புத்தூர் விவசாயக் காலேஜுக்குப் போயிட்டாரு. உன்ன அவர் மாதிரி ஆகச் சொல்லல. சுவாலஜிலேர்ந்து போறதுக்கு வழி இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

நான் சேர்ந்தப்ப தவளை அறுப்பாங்க. சாக்குல உயிரோட வரும், குளோரோஃபார்ம் நான்தான் போடணும், அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. 2014ல யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, அறுக்கறதத் தடை பண்ணினப்ப எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் பசங்க லேப்புல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனைச்சிட்டாங்க, சார்ட்டப் பாத்து வரையறது, பாட்டிலப் பாத்து பேர் எழுதறது. பாத்து பேர் சொல்றதுக்கு வெக்கற ஸ்பாட்டர்ல பாலனோகிளாசஸ்னு ஒரு கடல் புழு வைப்பாங்க பாத்திருப்ப, வெளுத்துப் போய் நூடுல்ஸ் மாதிரி கிடக்கும். நான் அத உயிரோட பாத்திருக்கேன். ஒரு வருஷம் டிபார்ட்மென்ட் டூர்ல மண்டபம் போயி, பர்மிஷன் வாங்கி குருசடைத் தீவுக்குப் போனோம். தண்ணி வத்தின மணல்ல மண்புழு போட்ட மாதிரி சுருள் சுருளா மண்ணு, அங்க மெதுவா கையால தோண்டினா புண்ணுக்குப் போடற மருந்து மாதிரி ஒரு நெடி, உள்ள மஞ்சளா வழுவழுன்னு ஒண்ணு, தொட்டாலே அறுந்து போற மாதிரி. முதுகெலும்பு இல்லாததுக்கும் நமக்கும் நடுவுல சொந்தம் சொல்ற பிராணி அதுன்னு சார் சொன்னாரு. பசங்க யாரும் பேசல. பாத்துட்டு திரும்ப மண்ணப் போட்டு மூடிட்டு வந்தோம்.

மேற்கொண்டு என்னன்னு அம்மா கவலைப்படறா, அதையும் சொல்லிடறேன். ரெண்டாவது வருஷம் மூணு சயின்ஸ் அகாடமி சேர்ந்து குடுக்கற சம்மர் பெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணு, ரெண்டு மாசம் பெரிய லேப்புல நின்னு பாக்கலாம். மூணாவது வருஷத்துல எம்எஸ்சி சேர்றதுக்கான ஜாம் பரீட்சை எழுது, பயோடெக்னாலஜி பேப்பர், சியூஇடி பிஜி நுழைவுத் தேர்வும் எழுது. புதுச்சேரில கொசுவுக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க பூச்சியியல்ல எம்எஸ்சி கூட உண்டு, நம்ம லேப்புல கொசு வாய்ப்பகுதி மவுண்ட் பண்ணவே கை நடுங்கின ஒரு பையன், ரெண்டு அரியர் வெச்சிருந்தவன், இன்னைக்கு கொசு ஆராய்ச்சிலதான் இருக்கான். நெட் பரீட்சை பாஸ் பண்ணி ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா 2023லேர்ந்து மாசம் 37,000 ரூபா. ஐஎஃப்எஸ், காட்டு இலாகா பரீட்சை, அதுக்கும் சுவாலஜி டிகிரி செல்லும். பிஎட் முடிச்சு டீச்சரானாலும் எனக்கு சந்தோஷம்தான். இதுல எது வேணும்னு நீ இப்பவே சொல்ல வேணாம். மூணு வருஷத்துல ஆறு செமஸ்டர், ஒண்ணு ஏற்கனவே போயிடுச்சு, அத மட்டும் மனசுல வெச்சுக்கோ.

நாளைக்கு ராத்திரி பஸ்ல சித்தப்பா வர்றாரு, ஒரு டப்பா குடுத்து விடறேன். நாலு வெங்காயம், கழுவின ஊறுகாய் பாட்டில் நாலு, புது பிளேடு ரெண்டு. ஹாஸ்டல் ஜன்னல் ஓரமா வை, வெயில் நேரா படக்கூடாது. உங்க லேப் அட்டெண்டர் அண்ணன்கிட்ட போய் அவர் பேரக் கேட்டுத் தெரிஞ்சுக்கோ, நான் என்ன வேலை பாத்தேன்னு சொல்லு, சாயங்காலம் ஒரு மணி நேரம் மைக்ராஸ்கோப் கேளு. எந்த மைக்ராஸ்கோப்புல லென்ஸ் சுத்தமா இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். மேடம்கிட்டயும் முன்னாடியே ஒரு வார்த்தை பர்மிஷன் வாங்கிடு.

ஒரே இடத்துல வரிசையா 100 செல்ல எண்ணு, அதுல எத்தனை பிரிஞ்சுகிட்டு இருக்குன்னு எழுதி வை. மெட்டாபேஸ் கிடைச்சா அப்படியே பாத்து வரை, கோணலா வந்தாலும் பரவால்ல, ரப்பர் போட்டு அழிக்காத. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் ராத்திரி எத்தனை மணியானாலும் முழிச்சிருப்பேன்.

அப்பா