அக்கறையின்மை அல்ல, கைச்செலவு

ஆசிரியர் அவர்கட்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் குறித்த தங்கள் ஆசிரியர் தலையங்கம், பின்னடைவுக்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்றது. வன்னியில் உண்மைக் காரணம் கைச்செலவு. பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருவது உண்மைதான். ஆனால் பரீட்சையைத் தீர்மானிப்பது பாடநூல் அல்ல, வாராவாரம் செய்யும் மாதிரி வினாத்தாள். அதற்கான போட்டோப்பிரதிச் செலவு பெற்றோர் தலையில்தான் விழுகிறது. காலபோக நெல் அறுவடைக் காசு கைக்கு வரும்வரை கூலிக் குடும்பங்களிடம் அந்தச் சில்லறையும் இருப்பதில்லை.

காசு கொடுக்காத பிள்ளை வினாக்களைக் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறது. பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் உருவக்கோலங்கள், அதாவது படங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் வினாக்கள், வரும். அவற்றைக் கையால் வரையும்போது ஒரு கோடு சரிந்தாலோ ஒரு புள்ளி விடுபட்டாலோ சரியான விடையே இல்லாமற் போய்விடும். வரைந்து முடிக்கையில் பாடவேளையும் முடிந்துவிடும். பக்கத்து மேசைப் பிள்ளை அதற்குள் விடைகளைத் திருத்தியும் பார்த்திருக்கும். பின்னையது கெட்டிக்காரப் பிள்ளை என்றும் முன்னையது மந்தம் என்றும் நாமே பெயர் வைத்துவிடுகிறோம். காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளைக்கு இப்படிப் பார்த்து எழுதவும் முடிவதில்லை.

ஆகவே, வலயக் கல்வி அலுவலகங்கள் மாதிரி வினாத்தாள்களை மொத்தமாக அச்சிட்டு, தரம் 4 இன் இறுதித் தவணையிலிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்க வேண்டும். புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் பாடசாலைக்கு வரவேற்பு வளைவு கட்டும் பணத்தில் (அதற்கு மட்டும் எப்படியோ பணம் சேர்ந்துவிடுகிறது) ஒரு பகுதியைத் தாளுக்கும் மைக்கும் ஒதுக்கலாம்.

ஆரம்பப்பிரிவு ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.