டஷர் மலையில் சைக்கிள் மிதித்த கதை

சால்ட் லேக் சிட்டி,
ஆகஸ்ட் 4.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா, மச்சான், பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க நைனாமலைப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. போனில் கூப்பிட்டால் "சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நானும் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையைக் காலி செய்யச் சொல்வது, சித்தப்பாவின் வரப்புத் தகராறு, பெரியவளுக்குத் தெரட்டிச் சீர் வைப்பது எல்லாம் படித்தேன். அவற்றுக்கெல்லாம் பின்னால் வருகிறேன். "அக்கா போட்டோ காட்டினாள், அது என்ன ரோடு, என்ன டயர், விவரமாக எழுது" என்று கேட்டிருந்தீர்களே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓட்டிய சைக்கிள் பந்தயத்தின் பெயர் கிரஷர் இன் த டஷர். டஷர் என்பது நான் இருக்கும் யூட்டா மாநிலத்தின் தெற்கே இருக்கும் ஒரு மலைத்தொடர். எரிமலைகள் கக்கிய பாறையால் ஆனது. அதன் உச்சியான டெலனோ சிகரம் 3,700 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் பீவர் என்று ஒரு சிறிய ஊர், இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். இந்த மாநிலத்துப் பழைய பந்தய வீரர் பர்க் ஸ்விண்டில்ஹர்ஸ்ட் 2011-ல் தொடங்கிய பந்தயம் இது. பீவரின் கடைவீதியில் கிளம்பி, மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு, இறங்கிய அதே வழியில் திரும்ப ஏறி மலைமேல் முடிக்க வேண்டும். மொத்தம் 111 கிலோமீட்டர். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 3,000 மீட்டருக்கு மேல். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு மூன்று தடவை ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் குடியிருக்கும் ஊரே கொல்லிமலை உயரத்தில்தான் இருக்கிறது. பந்தயப் பாதை 3,000 மீட்டரையும் தாண்டிப் போகிறது. ஆனைமுடிகூட அவ்வளவு உயரம் கிடையாது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நெஞ்சு நிறைய இழுத்தாலும் போதாது.

பாதையில் பாதி தார் ரோடு, மீதி மண்ணும் சரளையும். இதற்கு எந்த சைக்கிள் சரி என்று இங்கே ஓட்டுகிறவர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். ஒல்லி டயர் பந்தய சைக்கிள் தாரில் பறக்கும், மண்ணில் படுத்துவிடும். தடித்த டயர் மலை சைக்கிள் மண்ணில் நிற்கும், தாரில் இழுக்கும். நான் ஓட்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள கிராவல் சைக்கிள். ஹேண்டில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் 40 மில்லிமீட்டர். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பதினொன்று. பிரேக் கட்டை ரிம்மில் பிடிக்காது, ஹப் பக்கத்தில் இருக்கும் இரும்புத் தட்டில் பிடிக்கும்.

உங்களுக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று. இந்த டயருக்குள் டியூப் கிடையாது. ரப்பர் பால் கலந்த திரவத்தை உள்ளே ஊற்றிக் காற்றடித்துவிடுகிறார்கள். முள் குத்தினால் காற்று வெளியேறும் ஓட்டையிலேயே அது உறைந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன் எதுவும் வேண்டாம். ஆனால் காற்றைக் கல்லாக அடிக்கக் கூடாது. 35 பவுண்டுக்குள் வைத்தால்தான் சரளையில் பிடிப்பு இருக்கும்.

சைக்கிள் வீட்டுக்காரருடையது. நான் இப்போது அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். பழைய வீடு எனக்கு ஒருவனுக்குப் பெரிசு என்று மாறிக்கொண்டேன். காரையும் கொடுத்துவிட்டேன். பஸ் வசதி இருக்கிறது, சைக்கிளில் போனால் உடம்புக்கும் நல்லது. அம்மாவிடம் இதைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு எழுபதைத் தாண்டிய வயது, மனைவி இல்லை. மார்மன் சபையைச் சேர்ந்தவர். கஷ்ட காலத்துக்கென்று வீட்டில் தானியம் சேர்த்து வைக்கச் சொல்வது அவர்கள் சபையின் வழக்கம். அதனால் என் கட்டிலை ஒட்டிக் கூரை வரை கோதுமை வாளிகள். எதிர்ச் சுவரில் அவர் கையால் வேகவைத்துப் பாட்டிலில் அடைத்த பீச் பழம், ஒவ்வொரு மூடியிலும் வருஷம் எழுதியிருக்கும். டீயும் காபியும் அவர்களுக்கு ஆகாது. காலையில் நான் டீ போட்டால் மேலே வாசம் போகுமே என்று தயங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே இறங்கி வந்து "அந்த இஞ்சி வாசம் நன்றாக இருக்கிறது" என்றார். இப்போது தினமும் அவருக்கு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர், எனக்கு டீ. பனி விழுந்தால் விடிவதற்குள் எழுந்து தன் வாசலோடு தெருவில் பாதி வீட்டு வாசல் பனியையும் தள்ளிவிடுவார். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டார். இந்தப் பந்தயத்தை அவர் முன்பு ஓட்டியிருக்கிறார். முழங்கால் போனபிறகு சைக்கிள் சுவரில் தொங்கியது. குளிர் விட்டதும் எடுத்துக் கையில் கொடுத்து, "உன் அப்பா சைக்கிள் கடைக்காரர் என்றாயே, நீ ஓட்டித்தான் ஆக வேண்டும்" என்றார். அன்றிலிருந்து எமிக்ரேஷன் கேன்யன் என்ற மலைச் சாலையில் பழகினேன்.

பந்தயத்துக்கு அவரே காரில் கூட்டிக்கொண்டு போனார். பீவரில் பாலாடைக் கட்டி பிரபலம். அன்று போட்ட கட்டியைக் கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும், உப்பாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அப்புறம் அம்மாவிடம் சொல்லுங்கள், மின்னணு முறையில் டிவி படம் காட்டிய ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1906-ல் பிறந்தது அந்த ஊர்ப் பக்கம்தான்.

காலையில் கிளம்பி ஆற்றோரமாகத் தார் ரோட்டில் ஏறினோம். பிறகு வலப்பக்கம் திரும்பி மண் ரோடு, கென்ட்ஸ் ஏரி. வழி நெடுக ஆஸ்பென் மரங்கள். வெள்ளைப் பட்டை, காற்றே இல்லாதபோதும் இலை நடுங்கிக்கொண்டிருக்கும். மேலே புல்வெளியில் ஜூலையிலும் நிழலான சரிவுகளில் பனி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதுவரை எல்லாம் சுகம்தான்.

இறக்கத்தில்தான் சிரமம். வண்டிகள் ஓடி ஓடி மண் ரோடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாதிரி வரிவரியாக எழும்பிக் கிடந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிட்டது. தண்ணீர் பாட்டில் துள்ளி எங்கோ போனது. நாலாவது வளைவோ ஐந்தாவதோ, பின்சக்கரத்தில் டிங் என்று ஒரு சத்தம். எனக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது அப்பா. போக்ஸ் கம்பி.

ஓரமாக நிறுத்திச் சைக்கிளைக் கவிழ்த்தேன். வலப்பக்கக் கம்பி ஹப்பிலேயே அறுந்திருந்தது. ரிம் இடப்பக்கம் ஒதுங்கி, டயர் பிரேமில் உரசியது. அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, நீங்கள் சொல்வீர்களே, "அறுந்ததை விடு, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற எதிர்க்கம்பியைக் கால் திருகு தளர்த்து" என்று, அதையே செய்தேன். நிப்பிள் சாவி பையில் இருந்தது. கட்டை விரலை பிரேமில் ஊன்றி நகத்தை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். முதல் சுற்றில் நகத்தில் உரசியது. இன்னும் கால் திருகு. பிறகு உரசவில்லை. என்னைத் தாண்டிப் போன ஒரு பெண் நின்று "உதவி வேண்டுமா" என்று கேட்டு, நான் செய்வதைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே கற்றுக்கொண்டாய்" என்றார். "சேந்தமங்கலத்தில்" என்றேன். எனக்கு அன்றைக்குப் பதக்கம் அதுதான்.

கீழே சர்க்கிள்வில் பள்ளத்தாக்கில் நல்ல வெயில். புச் காசிடி என்ற பழைய காலத்துக் கொள்ளைக்காரன் சிறுவயதில் வளர்ந்த மரவீடு அந்த ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கிறதாம். ஊருக்கு அப்பால் ஒரு மணல் தடம், சக்கரம் புதைந்து பலர் இறங்கித் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். தண்ணீர்ப் பந்தலில் ஊர்ப் பிள்ளைகள் தர்பூசணி வெட்டிக் கொடுத்தார்கள், உப்பில் புரட்டிய உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். என் சட்டைப் பையில் எள்ளுருண்டை இருந்தது. ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன், தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்.

பிறகு இறங்கிய அதே வளைவுகளில் ஏற வேண்டும். வெயில் முதுகில், வாயில் புழுதி, சைக்கிள் நடக்கிற வேகம்தான் போனது. கொல்லிமலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் 1/70, 2/70 என்று பலகை இருக்குமே, இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் என் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்குப் போகும்போது பஸ்ஸில் அக்காவும் நானும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்துவோம், அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பார், நீங்கள் முன் படிக்கட்டில் டிரைவரோடு பேசிக்கொண்டு வருவீர்கள். எழுபது வரை எண்ணினேன். எழுபது வந்தும் அங்கே சோளக்காடும் இல்லை, செம்மேடும் இல்லை, நீங்கள் யாரும் இல்லை. சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். புழுதி கண்ணில் பட்டது என்று எழுதலாம்தான். உங்களிடம் எதற்கு அப்பா. ஊருக்கு வர வேண்டும் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சாயங்காலத்துக்குச் சற்று முன் மலைமேல் ஈகிள் பாயின்ட் என்ற இடத்தில் முடித்தேன். வீட்டுக்காரர் மடக்கு நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார், கையில் எனக்காக பிளாஸ்கில் டீ. அவர் கையால் போட்ட முதல் டீ, சர்க்கரைப் பாகாக இருந்தது, முழுதும் குடித்தேன். அன்று முழுக்க யாராவது என்னோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்து ரொம்ப காலம் ஆகிறது.

சரி, இனி வீட்டு விஷயம்.

கடை: கட்டிடக்காரர் தை வரை விட்டால் போதும், அட்வான்ஸ் முழுதையும் எண்ணி வாங்காமல் சாவி கொடுக்க வேண்டாம். மச்சான் சொல்வதுபோல் பைக் உதிரிபாகம் வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் முதல் போட இது நேரமில்லை. வாடகை சைக்கிள்களைக் காயலான் கடைக்குப் போடுவதென்றால் போடுங்கள். பெண்டு எடுக்கும் ஸ்டாண்டையும் உங்கள் ராலே சைக்கிளையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுத் திண்ணையில் இடம் இருக்கிறது. ஓவராயில் செய்ய இன்னும் உங்களைத் தேடித்தான் வருவார்கள்.

சீர்: தாய்மாமன் நான் வராமல் நடத்துவது அக்காவுக்கு எவ்வளவு வருத்தம் என்று தெரியும். லீவு கேட்டுப் பார்த்தேன், தோதுப்படவில்லை. பட்டும் வளையலும் என் கணக்கு, அதில் மாற்றமில்லை. பணத்தை ஐப்பசிக்குள் அனுப்பிவிடுகிறேன். இந்த மாதம் கொஞ்சம் குறைத்துத்தான் வரும், வேறொன்றும் இல்லை. கோழிப்பண்ணை மாமாவிடம் வட்டிக்கு வாங்கவே வேண்டாம். மாலை போட என் இடத்தில் பெரியப்பா மகனை நிறுத்துங்கள்.

வரப்பு: சித்தப்பாவோடு வாய் வார்த்தை வேண்டாம். சர்வேயருக்கு மனு கொடுத்து அளந்துவிடலாம். என் பங்குக்கு உங்கள் பேரில் பவர் பத்திரம் எழுதித் தருகிறேன். அதைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். பத்திர எழுத்தரிடம் நகல் எழுதி வாங்கி, சர்வே எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பட்டாவோடு ஒத்துப் பார்த்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையெல்லாம் பென்சிலில் குறித்து இந்த மாதத்துக்குள் அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் சர்க்கரை அளவையும் அதே கவரில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.