உங்கப்பா வண்டியையும் அளந்துவிடுவோம்

திருச்சி
ஞாயிறு மாலை

மாப்ள,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ என்னவெல்லாம் திட்டியிருப்பாய் என்று தெரியும். எல்லாம் சரி, வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவிக்கு விடுமுறை. மீசை அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நீ மொய்யை அனுப்பிவிட்டு ஆளாக வராமல் போனதை மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதை நீயே பேசித் தீர்த்துக்கொள், நான் நடுவில் வரமாட்டேன்.

உட்கார்ந்து எழுத வைத்த விஷயம் வேறு. போன மாதம் ஒரு ராத்திரி அம்மாவுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறிவிட்டது. கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வண்டியில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினால், ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. டாஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி அணைந்தது. 108-க்கு அடித்தோம். சீக்கிரம் வந்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், விடிவதற்குள் அம்மா காபி கேட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள், உன்னைக்கூட விசாரித்தாள். ஆனால் அந்த இருட்டில் செத்த வண்டிக்குள் அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் இருக்கிறதே, அதை நான் மறக்கப்போவதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அது புது பேட்டரி. அதற்கு முந்தையதும் புதிதாகத்தான் வந்தது. தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறவரை ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்றால் போயிற்று. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சார்ஜ் ஏற்றி, “பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார், நீங்க வண்டிய ஓட்டுறதில்ல” என்று திருப்பித் தருவார்கள். மெக்கானிக்கிடம் போனால், “பேட்டரி வீக், மாத்திடுங்க.” ஒருவர் கையிலாவது மீட்டர் இருந்ததா என்று கேள். கிடையாது! எட்டணா கம்பியை வைத்துக்கொண்டு டெர்மினலில் பொறி தட்டிப் பார்க்கிறார்கள், அதுவும் ஹைட்ரஜன் வாயு வருகிற இடத்தில். குடத்தில் ஓட்டை இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்ன கதைதான்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் பின்தெருப் பெரியவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் எலக்ட்ரிக்கல் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, “முதல்ல பேட்டரி குத்தவாளியா இல்லையான்னு பார்த்துடுவோம் தம்பி” என்றார். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, இரண்டு ராத்திரி அப்படியே விட்டோம். காலையில் 12.6 வோல்ட். அசையவே இல்லை. உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் பத்தரைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்குமாம். பிறகு மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தோம். 14.2. ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது. ஆக, வண்டி தூங்கும்போது யாரோ உட்கார்ந்து குடிக்கிறார்கள்.

அடுத்து மல்ட்டிமீட்டர். சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக மாட்டினார். இந்த நிலையில் யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே காலி. கதவைத் திறந்துவைத்து, பூட்டுக் கொண்டியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடினோம், கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைக்கட்டும் என்று. பிறகு காத்திருப்பு. இதைத்தான் பலர் செய்வதில்லை. மாட்டியவுடன் இரண்டு ஆம்பியருக்கு மேல் காட்டும், ஏனென்றால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். அவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரைமணி நேரம்கூட ஆகலாம். தூங்கிய பிறகு 50 மில்லிஆம்பியருக்குள், அதாவது 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது இறங்கி இறங்கி 0.62 ஆம்பியரில் உட்கார்ந்துகொண்டது.

கணக்குப் போட்டுப் பார், நீதான் கணக்கில் புலியாயிற்றே. 0.62-ஐ 24 மணியால் பெருக்கினால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 15 ஆம்பியர்-ஹவர். என் பேட்டரி 35. இரண்டே நாள்!

அவர் ஃபியூஸ்களைப் பிடுங்கவில்லை. பிடுங்கிச் செருகினால் தூங்குகிற பெட்டி மறுபடி எழுந்துவிடும் என்றார். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கின்றன, பார்த்திருக்கிறாயா? வெளி மீட்டரை மாட்டியபடியே, இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போனார். கரண்ட் ஓடுகிற ஃபியூஸில் துளி வோல்ட் தெரியும். உள்ளே ஒரு பெட்டி, பானெட்டுக்குள் ஒரு பெட்டி, எல்லாவற்றையும் தொட்டாயிற்று. பெரிதாக எதிலும் ஒன்றுமில்லை. ஆனால் 0.62 அப்படியே நிற்கிறது! மீட்டரோடு வந்தவர்கூட இந்த இடத்தில்தான் கைவிட்டிருப்பார். ஆல்டர்னேட்டருக்குள், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடு கசிந்தாலும் இப்படி இழுக்கும் என்று அதன் தடித்த வயரையும் கழற்றிப் பார்த்தார். மாற்றமில்லை.

அப்புறம் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் டார்ச் அடித்தார். கம்பெனி வயர்களுக்கு அடியில், டேப் சுற்றி, தனியாக ஒரு சிவப்பு வயர். ஃபியூஸ் பெட்டி எதற்குள்ளும் போகாமல் நேராக உள்ளே இறங்குகிறது. பின்தொடர்ந்து போனால் டிரைவர் சீட்டுக்குக் கீழே, மிதியடிக்கு அடியில், ஓர் ஆம்ப்ளிஃபயர். வண்டியின் முதல் சொந்தக்காரர் மாட்டியது. விற்கும்போது ஸ்பீக்கர்களைக் கழற்றிக்கொண்டவர் இதை விட்டுவிட்டிருக்கிறார். கையை வைத்தால் கதகதவென்று இருந்தது மாப்ள! வண்டியை நிறுத்தி எவ்வளவு நேரம் ஆகிறது, இது மட்டும் சூடாக இருக்கிறது. ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போது மட்டும் இதை எழுப்ப வேண்டிய ரிமோட் வயரை, மாட்டிய கடைக்காரர் எப்போதும் கரண்ட் இருக்கிற வயரோடு முறுக்கிவிட்டிருந்தார். ஸ்பீக்கரே இல்லாத வண்டியில் வருஷக்கணக்காக இது யாருக்கோ பாட விழித்திருந்திருக்கிறது. வயரைக் கழற்றியதும் மீட்டரில் 0.02. பெரியவர் சிரிக்கக்கூட இல்லை, “ம்” என்றார். நான்தான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

இப்போது உன் பக்கம் வருகிறேன். நீ லீவில் வந்தபோது உங்கப்பா வண்டியில் ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் மாட்டிவிட்டுப் போனாயே. திருச்சி வானொலிச் செய்தி கேட்கிற மனுஷனுக்கு எதற்குடா ஆம்ப்ளிஃபயர்? எட்டாம் நம்பர் அறை டேப் ரெக்கார்டரோடு அந்தப் பைத்தியம் தீர்ந்தது என்று நினைத்தேன். போன வாரம் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். “வண்டி அப்பப்ப படுத்துக்குது தம்பி, எனக்கு வயசாகிற மாதிரி அதுக்கும் ஆகுது” என்றார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வண்டி எதற்கு? மாதம் ஒருமுறை கோயிலுக்கு, அவ்வளவுதான். மற்றபடி அது அவசரத்துக்காகவே வாசலில் நிற்கிறது. அந்த அவசரத்தன்று எழுந்திருக்காத வண்டி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறாயாம். அது போதாதுடா. நிறுத்திய இடத்திலேயே உறுமவிட்டால், வாரம் முழுக்கக் கசிந்துபோனது திரும்பி ஏறாது. அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. ஒவ்வொரு முறை முழுக்கச் செத்துப் பிழைக்கும்போதும் அதன் ஆயுளில் ஒரு பகுதி போகிறது, நம்மூர் வெயில் மிச்சத்தைத் தின்றுவிடுகிறது. என் முந்தைய பேட்டரி போனதும் இப்படித்தான். அதனால் அவருக்குப் புது பேட்டரி வாங்கப் பணம் அனுப்பாதே. முதலில் அளப்போம்.

வருகிற ஞாயிறு பெரியவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்கப்பாவிடம் நீ போன் போட்டுச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் பானெட்டைத் தொட விடமாட்டார். கசிவு இருந்தால் உன் கைவேலை எதிலிருந்து என்று கண்டுபிடித்து எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். நிறுத்தியதும் திருகிவிட்டால் போதும். கடிகாரத்தில் மணியை ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு அவர் ஒப்புக்கொள்வாரா என்று நீதான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது சென்ட் பாட்டில் எல்லாம் வேண்டாம். வயரைக் கழற்றாமலே அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கிவா. டிசி, அதாவது பேட்டரி கரண்ட், அளக்க வேண்டும், பத்து மில்லிஆம்பியர் வரைக்கும் காட்ட வேண்டும். கடையில் வீட்டு லைன் கரண்டான ஏசியை மட்டும் அளப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், பெட்டியில் டிசி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கு. பெரியவருக்குக் கொடுக்க வேண்டும். காசு வாங்க மறுத்துவிட்டார்.

உன்
பழைய ரூம்மேட்