மத்தேயுவுக்குள் ஓர் அடகுச் சீட்டு

காட்பாடி,
ஜூன் 11

அன்புள்ள தேவராஜ்,

ஸ்தோத்திரம். "நீ மட்டும் எப்படிடா கவலையில்லாமல் இருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். மேரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மகளின் காலேஜ் ஃபீஸுக்காக வளையல்களை அடகு வைத்தோம். சீட்டு தொலையாமல் இருக்கட்டுமென்று பைபிளுக்குள் வைத்தேன். அது, கவலைப்படாதிருங்கள் என்று சொல்லும் மத்தேயு 6-ம் அதிகாரமாக அமைந்தது தற்செயல்தான். காலையில் திறந்தால் முதலில் கண்ணில் படுவது தவணைத் தேதி, அப்புறம்தான் வசனம். மேரி ஒரு வாரம் பார்த்தாள். சீட்டை எடுத்து அரிசி டிரம் மேலிருக்கும் டப்பாவில் போட்டுவிட்டு, "வேதம் வாசிக்கிறீங்களா, வட்டி வாசிக்கிறீங்களா?" என்றாள்.

ஞாயிறு பள்ளியில் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று கத்தி ஒப்பிப்போம். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற கடைசி வரியை விழுங்கிவிடுவோம், நினைவிருக்கிறதா? இப்போது அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாடே வராது என்று ஆண்டவர் சொல்லவில்லையே. கர்த்தருடைய ஜெபத்திலும் இன்றைய ஆகாரத்தைத்தான் கேட்கிறோம்; நானோ மார்ச் மாதத் தவணை வரை கேட்டுக்கொண்டிருந்தேன். விசுவாசம் இருந்தால் கடனே வராது என்று சிலர் பிரசங்கிப்பது எனக்கு ஒட்டவில்லை. "ஒன்றுக்கும் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார்.

போன வாரம் மேரியின் முட்டிவலிக்காக வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கத்தில் ஒரு வங்காளப் பெரியவர், மடியில் எக்ஸ்ரே உறை. தமிழ் தெரியாது. யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அவர் சீட்டை வாங்கிப் பார்த்து, "நான் சொல்கிறேன்" என்று சைகை காட்டினேன். அதன்பிறகுதான் முதுகைச் சாய்த்தார். அந்த இரண்டு மணி நேரமும் அடகு ஞாபகமே எனக்கு வரவில்லை. 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இன்றைய கூட்டத்தை அன்றே நினைத்துப் பார்த்திருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்.

மற்றபடி, போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது "போதும் ஆண்டவரே" என்று ஜெபித்தவர்களும் நாங்கள்தான்!

உன் அண்ணனுக்கு சுகர் குறைந்ததா? எழுது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, மேரி கூப்பிடுகிறாள். குடம் வைக்கப் போகிறேன்.

உன்
ஜெயசீலன்