செயலாளரின் ஆண்டறிக்கை: கரி போட்டோம், உப்பு போகவில்லை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த தீர்மானங்களில் பெரியது ஒன்றுதான்: தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் கெட்டுப்போன நம் பாலாற்றங்கரை நிலத்திலும் கிணற்றுத் தண்ணீரிலும் பயோசாரை, அதாவது காற்று அதிகம் படாமல் சுட்ட கரியை, போட்டுப் பார்ப்பது. அதனால் இந்த அறிக்கையில் முக்கால்வாசி கரிக்கதைதான். மரக்கன்று நட்டது, ஏரிக் கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன; மனுவுக்குப் பதில் வராததும் வழக்கம்போல்தான். வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஆற்றில் மண்டிக் கிடக்கும் வேலிகாத்தான் கட்டையும் தோப்புகளில் கிடைத்த கொட்டாங்குச்சியும்தான் நமக்குச் சரக்கு. 200 லிட்டர் இரும்பு டிரம்மில் அடுக்கி, மேலிருந்து பற்றவைத்து, தீ அடங்கிக் கனிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். முதல் தடவை, மூடிதான் போட்டாயிற்றே என்று வீட்டுக்குப் போய்விட்டோம். மூடி சரியாக உட்காரவில்லை. விடிந்து வந்து பார்த்தால் கால் டிரம் சாம்பல். பாத்திரம் தேய்க்கவாவது ஆகும் என்று மேலத்தெரு அக்கா அள்ளிக்கொண்டு போனார். அடுத்த தடவை இருட்டும்வரை கூடவே இருந்து அணைத்தோம். நன்றாக வெந்த கரி கீழே விழுந்தால் கலகலவென்று சத்தம் போடும். கையில் ஒட்டியது வெறும் தண்ணீரிலேயே போய்விடும். பிசுபிசுத்துக்கொண்டு சோப்பு கேட்டால் உள்ளே தார் இருக்கிறது, இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

ஆடி மாதக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். “ஆம்பூர்ப் பக்கம் ஷூவுக்கு வெட்டின தோல் துண்டு மூட்டை மூட்டையாகக் கிடைக்குதே, அதையும் போட்டுச் சுட்டா என்ன?” என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கூடவே கூடாது. தோலைப் பதனிடப் போடுகிற குரோமியம் என்ற உலோகம் மூன்று இணைதிறன் வகை (மூன்று எலக்ட்ரானை இழந்தது). தண்ணீரில் லேசில் கரையாது. காற்றுபட எரித்தால் அதில் ஒரு பங்கு ஆறு இணைதிறன் வகையாக (ஆறு எலக்ட்ரானை இழந்ததாக) மாறிவிடும். அது கரையும், கிணற்றுக்குப் போகும், புற்றுநோயைக் கொண்டுவரும். நம் டிரம்மில் காற்றை எவ்வளவு அடைக்க முடியும் என்பதை முதல்நாள் சாம்பலே காட்டிவிட்டது.

கரி செய்கிற வேலை இதற்கு நேர்மாறானது. அதன் மேற்பரப்பு ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு எலக்ட்ரான் கொடுத்து மூன்றாக இறக்கி, தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. பயிரின் வேர் அதை எடுப்பது குறையும். ஆனால் குரோமியம் மண்ணைவிட்டு எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் கிடக்கும். ஆகவே ‘மண்ணைச் சுத்தம் செய்துவிட்டோம்’ என்று யாரும் வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கணக்கில் மூன்று சென்ட் நிலத்தில் போட்டோம். சாணிக்கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்த கரி போட்ட பாத்தியில் கீரை நன்றாக வந்தது. அவசரப்பட்டு வெறும் கரியைக் கொட்டிய பாத்தி (என்னுடையதுதான்) வெளுத்துப்போனது. வெறும் கரி மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் தானே இழுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கில் ஒரு ஏக்கருக்கு நான்கு டன் வேண்டும். நமக்கோ ஒரு சூட்டுக்கு ஒன்றரை மூட்டைதான் தேறுகிறது. வீட்டுக் கொல்லைக்குச் சரி. வயலுக்கு இந்த டிரம் போதாது.

இனி தண்ணீர். மணலும் கரியும் அடுக்கிய டிரம்மில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். மஞ்சள் நிறமும் நாற்றமும் நன்றாகக் குறைந்தன. எல்லோர் முகத்திலும் சந்தோஷம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தால் முதல் வாளியில் எண் ஏறியிருந்தது! கரியில் ஒட்டியிருந்த சாம்பல் கரைந்ததுதான் காரணம். நான்கைந்து வாளிக்குப் பிறகு எண் பழைய இடத்துக்கு வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தடவுகிற சோற்றுப்புதான் பாதி வினை. தோலைக் கழுவும்போது அத்தனையும் தண்ணீரோடு வெளியேறுகிறது. சோடியத்தையும் குளோரைடையும் கரி பிடிக்காது. தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் டம்ளரை நீட்டியவர்களைத் தடுத்தோம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நஷ்டஈடு பற்றி: கரி போட ஆரம்பித்ததால் அந்தக் கேள்வியைக் கைவிட்டதாக எண்ண வேண்டாம். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நம் வேலூர் வழக்கில் சொன்னது 1996 ஆகஸ்ட் 28-இல். பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரியிலும் தீர்ப்பு வந்திருக்கிறது. கிணற்று விவரங்களைத் தராத உறுப்பினர்கள் தயவுசெய்து எழுதித் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் வடிகட்டப் போட்ட பழைய கரி இரண்டு மூட்டை சங்கக் கொட்டகையில் கிடக்கிறது. அதில் குரோமியம் ஏறியிருக்கலாம் என்பதால் வயலிலும் போடக் கூடாது, அடுப்பிலும் வைக்கக் கூடாது. யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறோம். அதுவரை மூட்டைமேல் சிவப்புத் துணி கட்டியிருக்கும், சாவி என்னிடம் இருக்கும். அடுத்த சூடு தை அறுவடை முடிந்த முதல் ஞாயிறு. வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு காலிச் சாக்கும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்