மதிய உணவு டப்பா: கட்டும் நேரம் வேறு, திறக்கும் நேரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுக்குப் புதுமையான யோசனைகள் என்று வருபவற்றில் பாதிக்கு மேல் படத்துக்குத்தான் அழகு. பூவாகச் செதுக்கிய கேரட், நட்சத்திர வடிவ பிரெட், கண்ணும் வாயும் வைத்த சாத உருண்டை. காலை 7 மணிக்குப் பார்க்க எல்லாமே நன்றாக இருக்கும். குழந்தை மூடியைத் திறப்பதோ 12 மணிக்கு மேல். இடைப்பட்ட 5 மணி நேரத்தில் டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தக் குறிப்புகள் சொல்வதில்லை. சாப்பாடு பாதியாகத் திரும்பி வருவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த 5 மணி நேரத்தில்தான் இருக்கிறது.

செதுக்கல் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு கூடக் கூட வெட்டுப்பட்ட பரப்பும் கூடும். கேரட் காய்ந்து வெளிறும், ஆப்பிள் பழுப்பாகும், பிரெட்டின் ஓரம் விறைக்கும். கை படுவதும் அதிகம். விசேஷ நாளில் ஒரு முறை செய்யலாம். தினசரி வேலையாக அதை யார் தலையிலும் கட்ட வேண்டாம்.

கெடுதல் தொடங்குவது நீராவியில். ஆவி பறக்கும் உணவைச் சாதாரண டப்பாவில் போட்டு உடனே மூடினால், ஆவி மூடியின் அடிப்பக்கம் நீர்த்துளியாகப் படிந்து திரும்பச் சாப்பாட்டின் மேலேயே சொட்டும். மேற்பக்கம் சொதசொதவென்று இருக்கும், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அந்த வெதுவெதுப்புதான் ஆபத்து. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். தோதான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். சமைத்த உணவு இந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பள்ளிச் சாப்பாடு இந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதனால் வழி இரண்டுதான்: கொதிக்கக் கொதிக்கப் போக வேண்டும், அல்லது சில்லென்று போக வேண்டும்.

சூடாக அனுப்ப, இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் உள்ள அகன்ற வாய் பிளாஸ்க் தேவை. வெறும் நுரை அடைத்த ஹாட் பாக்ஸ் அந்த அளவுக்குத் தாங்காது. பலர் விட்டுவிடும் படி ஒன்று உண்டு. பிளாஸ்க்கில் கொதிநீரை நிறைய ஊற்றி மூடி 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் குளிர்ந்த எஃகே உணவின் சூட்டைக் குடித்துவிடும். அந்த நேரத்தில் உணவை நன்றாகக் கொதிக்கவிட்டு, நீரைக் கொட்டிய கையோடு கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பாதி பிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். நாலு கரண்டி சாப்பிடும் பிள்ளைக்கு 500 மில்லி பிளாஸ்க் வாங்கினால் தினமும் பாதிதான் நிரம்பும். 300 மில்லி போதும். வாங்கியதும் ஒரு விடுமுறை நாளில் கொதிநீர் ஊற்றி மூடி, 5 மணி நேரம் கழித்துச் சமையல் வெப்பமானியால் பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே காட்டினால் அதைச் சூடான சாப்பாட்டுக்கு நம்ப வேண்டாம்.

பிளாஸ்க்குக்குக் குழைவான உணவே ஏற்றது: சூப், பருப்பு, கஞ்சி, குழம்புடன் சேர்ந்த பயறு வகைகள், சாஸில் ஊறும் பாஸ்தா. உள்ளேயும் வேகும் என்பதால் பாஸ்தாவை 2 நிமிடம் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். பொரித்ததை அதில் அடைத்தால் நமுத்துப் போகும். சின்னக் குழந்தைக்கு உணவை ஊற்றி ஆற்றிக்கொள்ள ஒரு கிண்ணமும் போக வேண்டும். மதியம் வரை சூடு நின்றால் நாக்கும் சுடும்.

குளிர்ச்சியாக அனுப்புவதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, படுக்கவைத்து உறைய விடுங்கள். உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்பதால் பாட்டிலை நிரப்பி உறைய வைத்தால் வெடிக்கும். காலையில் மேலே குளிர்ந்த நீர் ஊற்றி, சாப்பாட்டுப் பையில் டப்பாவின் மேல் வையுங்கள். குளிர்காற்று கீழே இறங்கும். பாட்டில் அடியில் கிடந்தால் பாதி பயன் வீண். டப்பாவும் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். ஐஸ் இருக்கும் குளிர்ச்சியைக் காக்கும்; சூடான டப்பாவைக் குளிரவைக்க அதற்கு வலு போதாது.

சாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதித்தாலும் அவை சாவதில்லை. சாதம் மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாதம் ஊசிய வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, 1 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் மதியத்தோடு அதன் கதை முடிய வேண்டும். எலுமிச்சைப் புளிப்பு பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி வெயிலில் டப்பாவை விடக் கூடாது.

ஆறிய சாதம் ஏன் விறைக்கிறது என்று கேட்பார்கள். வெந்தபோது தளர்ந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகுகிறது, அவ்வளவுதான். குளிர்ந்து சாப்பிடப் போகும் சாதத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூட வைத்து, இறக்கியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறினால் விறைப்பு குறையும். எண்ணெயிலும் விஷயம் இருக்கிறது. வெண்ணெய், நெய் ஆகியவை குளிரில் உறைந்து வாயில் மெழுகாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். குளிர்ந்த டப்பாவுக்குச் சூரியகாந்தி எண்ணெய் போன்ற உறையாத எண்ணெயே சரி. குளிர்ந்த உணவில் மணமும் இனிப்பும் மட்டுப்படும். அடுப்படியில் ருசி பார்த்தபோது சரியாக இருந்தது மதியம் சப்பென்றிருப்பது அதனால்தான். உப்பை ஏற்றாமல், கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வறுத்துப் பொடித்த எள்ளோ சேர்த்தால் ஈடுகட்டலாம்.

பிரெட் சாண்ட்விச்சைக் கெடுப்பது ஈரம். இரண்டு துண்டுகளிலும் வெண்ணெயை ஓரம் வரை மெல்லியதாகத் தடவினால் உள்ளிருக்கும் நீர் பிரெட்டுக்குள் இறங்காது. நடுவில் மட்டும் ஒரு கட்டி தடவிப் பயனில்லை. வெள்ளரியின் விதைப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி 10 நிமிடம் விட்டு, கசியும் நீரைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தக்காளியை உள்ளே வைக்கவே வேண்டாம். தனிக் கிண்ணத்தில் போகட்டும்.

அப்படித் தனித்தனியாகப் போவதைத்தான் நான் நல்ல கற்பனை என்பேன். சாப்பிடும் இடத்தில் குழந்தையே சேர்த்துக்கொள்ளும் சாப்பாடு. ஒரு பக்கம் நான்காக வெட்டிய ரொட்டி, ஒரு மூடிக் கிண்ணத்தில் கொண்டைக்கடலை மசியல், இன்னொன்றில் ஒற்றி எடுத்த வெள்ளரித் துண்டுகள், சின்னச் சிமிழில் வறுத்த விதைகள். ஈரம், உலர்வு, மொறுமொறுப்பு மூன்றும் திறக்கும் வரை ஒன்றையொன்று தொடுவதில்லை. மசியலுக்கு வேகவைத்த கொண்டைக்கடலை 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. நீரைத் துளித்துளியாக விட்டு அரைக்க வேண்டும். கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதம் வேண்டும். ஒழுகும் பதத்தில் இருந்தால் பாடப் புத்தகம் வரைக்கும் போகும். இது குளிர்ந்த பாட்டிலோடு போக வேண்டிய பண்டம். எலுமிச்சையின் வைட்டமின் சி, கடலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவும் உதவும்.

முட்டை சத்தான துணைதான். வாடைக்குப் பயந்து பிள்ளைகள் திறக்க மறுப்பார்கள். அளவுக்கு மேல் வேகும்போது வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்துதான் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழுகிறது. வாடையும் அப்போதுதான் தூக்கலாகிறது. கொதிநீரில் 10 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், முழுக்க ஆறியதும் ஃபிரிட்ஜ். காலையில் உரித்து, ஈரம் துடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் தீரும்.

ஆப்பிள் துண்டு பழுப்பாகாமல் இருக்க, 250 மில்லி தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். எலுமிச்சையும் தடுக்கும், ஆனால் புளிப்பு ஒட்டிக்கொள்ளும். வாழைப்பழத்தை முழுசாகவே கொடுங்கள். ஆரஞ்சைக் காலையிலேயே உரித்துச் சுளையாக்கிவிடுவது நல்லது.

இந்த உரிக்கும் வேலைக்கு முக்கியத்துவம் இருக்கிறது. இடைவேளை அரை மணி நேரம் என்றால் கை கழுவவும் இடம் பிடிக்கவும் போக, வாய்க்குக் கிடைப்பது அதில் பாதிதான். மூடி திறப்பதற்கும் நேரம் போகும். சூடான உணவை ரப்பர் வாஷர் உள்ள டப்பாவில் இறுக மூடினால், உள்ளே ஆவி குளிர்ந்து காற்றழுத்தம் குறைந்து மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கே கை வலிக்கும். ஆற்றிய பிறகு மூடுவது, அல்லது காற்றுத் துளை உள்ள மூடி வாங்குவது, இரண்டில் ஒன்று வேண்டும். புது டப்பாவைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன், அதில் சாப்பாடு நிரப்பி, குழந்தையே மூடித் திறக்கும்படி வீட்டில் பழக்குங்கள்.

மிச்சத்தைப் பார்த்ததும் திட்டுவதைவிட அதைப் படிப்பது பயன் தரும். தொடாமல் அப்படியே வந்திருந்தால் மூடி திறக்கவில்லை, அல்லது பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு கடியோடு நின்றிருந்தால் சொதசொதப்போ விறைப்போ காரணம். எல்லாவற்றிலும் பாதிப் பாதி என்றால் அளவு அதிகம், அல்லது நேரம் போதவில்லை. காய் மட்டும் மிஞ்சினால் துண்டின் அளவை மாற்றிப் பாருங்கள். நீளத் துண்டைச் சாப்பிடாத பிள்ளை துருவலைச் சாப்பிடுவதுண்டு.

புதுப் பண்டத்தை டப்பாவில் அறிமுகம் செய்ய வேண்டாம். பழகாத ருசி பிடிபடப் பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். அந்தப் பரிச்சயம் வீட்டில், பசியும் நேரமும் உள்ளபோது நடக்கட்டும். டப்பாவில் அடிப்படை உணவு, உள்ளீடு, வடிவம் ஆகிய மூன்றில் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திங்களன்று ரொட்டியோடு தனியாகப் போன மசியல், செவ்வாயன்று அதே ரொட்டிக்குள் சுருட்டப்பட்டு வட்ட வில்லைகளாகப் போகலாம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் குழந்தைக்கு அது அந்நியச் சாப்பாடு.

5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டாமல் கொடுக்கவே கூடாது. முழுக் கொட்டைகளும் அந்த வயதில் வேண்டாம். பச்சைக் கேரட் என்றால் துருவியோ வேகவைத்தோதான். இதில் அழகுக்கோ அவசரத்துக்கோ விட்டுக்கொடுப்பு கிடையாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் நிமிடங்கள்தான் அவகாசம். வகுப்பில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்ட பிறகே அதை அனுப்புங்கள். டப்பா கழுவும்போது வாஷரைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். எத்தனை தேய்த்தாலும் போகாத வாடையும் கறுப்புப் பூசணமும் அதன் அடியில்தான் இருக்கும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிச் சாப்பாட்டுக்கான சமையல் குறிப்பு வெளியிடும்போது, பொருள்களும் செய்முறையும் தருவதோடு மூன்று தகவல்களையும் அடியில் அச்சிடுங்கள்: எத்தனை மணி நேரம் தாங்கும், சூடாக அனுப்ப வேண்டுமா குளிர்ச்சியாகவா, எந்த வயதுக்கு மேல் கொடுக்கலாம். குறிப்பு எழுதுபவர்கள் அதை டப்பாவில் அடைத்து 5 மணி நேரம் கழித்துத் திறந்து சாப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்றும் கேளுங்கள். முடிந்தால் அந்தக் குறிப்புகளைப் பெண்கள் பக்கத்திலிருந்து பொதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். டப்பா கட்ட ஆண்களுக்கும் இரண்டு கை இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்